பம்புதான் கோளாறு

பாத்து தம்பி, அந்தப் பையை மட்டும் இங்கிட்டுக் குடுத்துருங்க. மேல வைக்க வேண்டாம், ரயில் ஆட்டத்துல விழுந்துரும். மடியிலயே வச்சுக்கிடுறேன். கனமெல்லாம் ஒண்ணும் இல்லை. ஒரு பம்பு, அம்புட்டுத்தான்.

கிணத்துல போடுற பம்பு இல்லை. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிறது. நீங்க முழிக்கிற மாதிரித்தான் நானும் மொதல்ல முழிச்சேன். கம்ப்யூட்டருக்கு எதுக்குய்யா பம்புன்னு. பெரிய வேலை பாக்குற கம்ப்யூட்டர் இருக்கு பாருங்க, அது கொதிக்கும். ஃபேன் காத்து பத்தாது. அதனால உள்ளுக்குள்ளயே குழாய் போட்டு, சின்னதா ஒரு டேங்கு வச்சு, பம்பு வச்சுத் தண்ணியைச் சுத்த விடுவாங்க. தண்ணி சூட்டை எடுத்துக்கிட்டு வெளிய வந்து, ஆறி, மறுபடி உள்ள போகும். பம்பு நின்னா எல்லாம் நின்னுரும்.

எங்க வீட்ல அப்படித்தான் எல்லாம் நின்னுச்சு.

நீங்க எங்க இறங்கணும்? திண்டுக்கல்லா. நான் மதுரை. அங்கருந்து பஸ்ஸைப் பிடிச்சு அருப்புக்கோட்டை போகணும். எம் பேரு சௌந்திரபாண்டி. நகராட்சியில தண்ணி திறந்துவிடுற வேலை பாத்து ரிட்டையர் ஆனவன். எந்தத் தெருவுக்கு என்னைக்குத் தண்ணின்னு ஊர்ல யாரும் நகராட்சியைக் கேக்க மாட்டாங்க, என்னையத்தான் கேப்பாங்க. கல்யாண வீட்டுக்குப் போனாக்கூட இலையில உக்கார விடமாட்டாங்க. "அண்ணாச்சி, எங்க தெருவுக்கு என்னைக்கு?"ன்னு வந்து நிப்பாங்க. அதனால பம்பைப் பத்தி எனக்குத் தெரியாதுன்னு யாரும் சொல்ல முடியாது. அதை மொதல்லயே சொல்லிடுறேன்.

எனக்கு ஒரே பொண்ணு. பூங்கோதை. வீட்ல பாப்பாம்போம். மெட்ராஸ்ல பொம்மைப் படம் செய்யிற படிப்புப் படிச்சா. பிள்ளைகளுக்கு டிவியில போடுறாங்களே, யானைக்குட்டி பேசும், குரங்கு பேசும், அந்தப் படம். அதுல இவளுக்கு என்ன வேலை தெரியுமா? தண்ணி. மழை பெய்யணுமா, ஆறு ஓடணுமா, யானைக்குட்டி குளத்துல குதிச்சுத் தண்ணி தெறிக்கணுமா, அதெல்லாம் இவதான் செய்யணும். நான் கேட்டேன், "ஏன் பாப்பா, நம்மூர்ல பத்து நாளைக்கு ஒரு தடவை தண்ணி வருது. நீ எங்கிட்டுப் பாத்து இம்புட்டுத் தண்ணியை வரைஞ்ச?"ன்னு. "நீங்க வால்வு திறக்கும்போது பாத்ததுதாம்ப்பா"ன்னா. வெளையாட்டுக்குச் சொன்னாளோ என்னமோ. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

மெட்ராஸ்லதான் வேலையில இருந்தா. அவ அம்மா தங்கப்புஷ்பம் போய்ச் சேந்த பிறகு நான் ஒத்தையில கிடந்தேன். சுகர். காலைக் கவனிக்கலை. ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரியில கண்ணை முழிச்சுப் பாக்குறேன், பாப்பா கால்மாட்டுல உக்காந்துருக்கா. "இனிமே நான் மெட்ராஸ் போகலைப்பா"ன்னா. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். ஒரு பேச்சுக்கு வேண்டாம்னு சொன்னேன். உள்ளுக்குள்ள வேணும்னுதான் இருந்துச்சு. பெத்த பிள்ளை பக்கத்துல இருந்தா யாருக்குக் கசக்கும்?

வீட்ல இருந்தே வேலை செய்யிறேன்னு சொல்லி, அந்தக் கம்ப்யூட்டரை அவளே பார்சல் பார்சலா வரவழைச்சு, முன்ரூம்ல உக்காந்து பூட்டுனா. பக்கம் பூராக் கண்ணாடி. உள்ள குழாய் வளைஞ்சு வளைஞ்சு ஓடுது. மேல ஒரு டேங்கு, அதுக்குத் திருகுமூடி. கீழ பம்பு. நான் பக்கத்துல சேரைப் போட்டு உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். "என்னப்பா அப்படிப் பாக்குறீங்க? நீங்க ஊருக்குப் பாத்த வேலைதான், இது இந்தப் பொட்டிக்குள்ள பாக்குது"ன்னா. அடடா, அந்த நேரத்துல அவ அம்மா இருந்திருக்கணும் தம்பி.

ஒரு கேன்லருந்து தண்ணியை ஊத்துனா. நிறமெல்லாம் இல்லை. வெறும் தண்ணி மாதிரித்தான் இருந்துச்சு. இதுக்குன்னு தனியா விக்கிற தண்ணின்னு சொன்னா. தண்ணியிலயும் தனித் தண்ணியா? விக்கிறவன் அப்படித்தான் சொல்லுவான், அவனுக்கு யாவாரம். நான் ஒண்ணும் சொல்லிக்கிடலை. "அப்பா, இதுல மட்டும் கை வச்சிராதீங்க, என்ன?"ன்னும் சொன்னா. எனக்குக் கரண்டு அடிச்சிரும்னு பயம் அவளுக்கு. அம்புட்டுப் பாசம்.

அந்தக் கொஞ்ச நாளு இருக்கே, அதான் தம்பி நான் வாழ்ந்த நாளு. காலையில எனக்குக் காலுக்குக் கட்டு மாத்திவிடுவா. மத்தியானம் ரெண்டு பேரும் சேந்து சாப்பிடுவோம். வேலை செஞ்ச படத்தை எனக்குப் போட்டுக் காமிப்பா. "இந்த அலை சரியா இருக்காப்பா?"ம்பா. எனக்கு என்ன தெரியும்? இருந்தாலும் சொல்லுவேன். "இந்தத் தண்ணி ரொம்ப லேசா இருக்கு பாப்பா, தண்ணிக்குக் கனம் உண்டுல்ல"ன்னேன் ஒரு நாளு. அப்படியே என்னையப் பாத்துட்டு, உக்காந்து மாத்துனா. அந்தக் கம்பெனி மேடம், நளினா மேடம்னு பேரு, அதைத்தான் ரொம்பப் பாராட்டுனாங்களாம். வீடு பூராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. வீட்ல நான் ஒருத்தன்தானே இருக்கேன், என்கிட்டயே நாலு தடவை சொன்னா.

பொங்கல் கழிஞ்சு அவ ஒரு வேலையா மெட்ராஸ் போக வேண்டியதாயிருச்சு. கம்ப்யூட்டரை நிப்பாட்டக் கூடாது, அது பாட்டுக்குப் படத்தைக் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கும், ஸ்க்ரீன்ல நம்பர் ஏறுதான்னு மட்டும் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டுப் போனா. பாத்தேன். நம்பர் ஏறுது. அப்படியே டேங்கையும் பாத்தேன். தண்ணி ஒரு விரக்கடை இறங்கியிருக்கு.

எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. ஏன்னு கேளுங்க. எந்தப் பம்பும் தண்ணி இல்லாம ஓடக் கூடாது தம்பி. காத்து வாங்கிரும். காயில் எரிஞ்சிரும். என் சர்வீஸ்ல எத்தனை மோட்டாரு அப்படிப் போயிருக்குன்னு நெனைக்கிறீங்க? தொட்டியில தண்ணி இருக்கான்னு பாக்காமச் சுவிட்சைப் போட்டு எரிச்சவங்களை நான் கண்ணால பாத்தவன். எம்பிள்ளை பொழைப்பே அந்தப் பொட்டிதான். அதுல தண்ணி குறைஞ்சு பம்பு ஓடுதுன்னா நான் சும்மா பாத்துக்கிட்டு இருப்பேனா?

எங்க ஊர்ல தண்ணி ரெண்டு வகை. போர்ல வர்றது உப்புத்தண்ணி. குளிக்க, துவைக்க அது. குழாய்ல எப்பவாவது வர்றது நல்லதண்ணி. குடிக்க அது மட்டும்தான். நல்லதண்ணியில கை கழுவுனாக்கூட வீட்ல திட்டு விழும். நான் அந்த நல்லதண்ணியைத்தான் எடுத்தேன். உப்புத்தண்ணி இல்லை. இதை மட்டும் நல்லாக் கேட்டுக்கோங்க தம்பி. வெள்ளை வேட்டித்துணியை நாலா மடிச்சு, வடிகட்டி, ஒரு டம்ளர். மூடியைத் திருகி எடுத்து, ஒரு சொட்டு வெளிய சிந்தாம ஊத்துனேன். கால் முடியாதவன், கட்டையில ஏறி நின்னு ஊத்துனேன்.

அப்புறம் அதுவே பழக்கமாயிருச்சு. கோடை வேற. நான் விடியக்காலம் எந்திரிக்கிறவன், வால்வு திறந்த பழக்கம். அவ வேலை பாத்துட்டுப் படுத்தா எந்திரிக்க வெயில் ஏறிரும். அதுக்குள்ள நான் டேங்கைப் பாத்துருவேன். குறைஞ்சிருந்தா ஊத்திருவேன். அவகிட்டச் சொல்லலை. சொன்னா, உங்களுக்கு எதுக்குப்பா சிரமம்னு சொல்லுவா. ஒரு தடவை அவளே டேங்கைப் பாத்துட்டு, "பரவாயில்லையேப்பா, இந்த வெயில்லயும் தண்ணி குறையவே இல்லை"ன்னா. நான் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். அப்பன் ஒருத்தன் இருக்கான்ல.

தண்ணி தீந்து போற நாள்லகூட அதுக்குன்னு ஒரு செம்பு எடுத்து வச்சிருவேன். நான் கொஞ்சம் குறைச்சுக் குடிச்சுக்கிடுவேன். எனக்கென்ன, வயசானவன்.

சித்திரை பிறந்ததும் மொதப் பம்பு போச்சு.

கறகறகறன்னு ஒரு சத்தம். மொளகா வத்தலை மிக்ஸியில போட்ட மாதிரி. அப்புறம் கம்ப்யூட்டர் தானா நின்னுருச்சு. பாப்பா கழட்டிப் பாத்தா. "உள்ள வெள்ளையா என்னமோ படிஞ்சிருக்குப்பா. நான் வாங்குன தண்ணி சரியில்லை போல"ன்னா. கேன்காரன் மேல எனக்கு அப்பவே சந்தேகம். நான்தான் சொன்னேனே, தனித் தண்ணியாம், தனித் தண்ணி. பம்புக் கம்பெனிக்கு எழுதிப் போட்டா, மறுபேச்சு இல்லாம வேற பம்பு அனுப்பிட்டாங்க. நல்ல பம்பா இருந்தா அப்படி அனுப்புவானா தம்பி? கோளாறுன்னு அவனுக்கே தெரிஞ்சிருக்கு, அதான் அனுப்பிட்டான். பாப்பா குழாயெல்லாம் கழுவி, வேற கேன் வாங்கி ஊத்தி, புதுப் பம்பை மாட்டுனா. வேலை தாமதமாயிருச்சு. நளினா மேடம் கொஞ்சம் முணுமுணுத்தாங்க, அப்புறம் சரின்னுட்டாங்க.

அப்புறம் ஒரு நாள் அந்த மேடத்துகிட்ட இருந்து ஃபோன். பேசிட்டு வந்து என் பக்கத்துல உக்காந்தா. என் கையைப் பிடிச்சுக்கிட்டா. பெரிய பிள்ளையான பிறகு அவ என் கையைப் பிடிச்சதே இல்லை, ஆஸ்பத்திரியிலதான்.

"அப்பா, பெரிய படம் ஒண்ணு வருது. கடல் கதை. படம் பூராத் தண்ணி. மொத பாகத்தை நான் நல்லபடியா முடிச்சுக் குடுத்துட்டேன்னா வேலையை நிரந்தரமாக்கிருவாங்களாம். இங்க இருந்தேதான் செய்யலாம். மெட்ராஸ் போகவே வேண்டாம்ப்பா. உங்க கூடயே இருக்கலாம்."

நான் என்ன சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்லை. எந்திரிச்சுப் போயி அவ அம்மா படத்துக்கு முன்னால நின்னேன்.

அதுக்கப்புறம் நான் இன்னும் கவனமா இருந்தேன். இருக்கணும்ல? வேலை கூடிப்போச்சு. அந்தப் பொட்டி ராத்திரி பகலா ஓடுது. முன்ரூமே அனலா அடிக்குது. ஆடி மாசக் காத்து புழுதியை அள்ளிக்கிட்டு வருது. மண்பானையில ஊத்தி வச்சுக் குளுந்த தண்ணியா ஊத்துனேன். சூட்டுக்குக் குளுந்த தண்ணிதானே நல்லது? டேங்கு தளும்பத் தளும்ப வச்சிருந்தேன். அவ பாவம், கண்ணெல்லாம் செவந்து, சாப்பாட்டை ஒரு கையில வச்சுக்கிட்டு வேலை பாத்தா. நானும் அவளும் சேந்துதான் அந்த வேலையைப் பாத்தோம்னு சொல்லலாம்.

நாளைக்குப் படத்தை அனுப்பணும். இன்னைக்கு மத்தியானம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம், அதே சத்தம். கறகறகற.

எச்சிக் கையோட ஓடுனா. ஸ்க்ரீன் அணைஞ்சு போச்சு. மறுபடி போட்டா, கொஞ்ச நேரம் ஓடி, மறுபடி அணையுது. டேபிள் ஃபேனைத் தூக்கிட்டு வந்து வச்சா. ஐஸ்கட்டியை வாங்கிட்டு வரட்டுமான்னு நான் கேட்டேன். அவ பொட்டியோட பக்கக் கண்ணாடியைக் கழட்டி, தண்ணியை ஒரு வாளியில வடிச்சு, பம்பைத் திருகி எடுத்தா. உள்ள சுத்துற சக்கரம் இருக்குல்ல, அது அசையலை. சுண்ணாம்பு அப்புன மாதிரி வெள்ளை வெள்ளையா. அதை விரலால தேச்சா. விரலையே பாத்துக்கிட்டு இருந்தா.

அப்புறம் என்னைய நிமிந்து பாத்தா. "அப்பா, இந்த டேங்குல நீங்க எதுவும் தண்ணி ஊத்துனீங்களா?"

"ஆமா பாப்பா, ஊத்தாம? குறைய விட்டாப் பம்பு எரிஞ்சிரும்ல. தை மாசத்துல இருந்து நான்தானே பாத்துக்கிடுறேன். ஒரு நாளு குறைய விடலை"ன்னேன்.

"என்ன தண்ணிப்பா?"

"நல்லதண்ணிதான். வடிகட்டித்தான் ஊத்துனேன். உப்புத்தண்ணியை ஊத்துவேனா?"

அவ என்னையப் பாத்துக்கிட்டே இருந்தா தம்பி. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தா. எத்தனை நாளா அப்பன் சொல்லாமச் செஞ்சிருக்கான்னு தெரிஞ்சிருச்சுல்ல அவளுக்கு. கண்ணு கலங்கிருச்சு. அப்புறம், "சரிப்பா"ன்னா. "நீங்க போயிப் படுங்க. காலை ஊனிக்கிட்டு ரொம்ப நேரம் நிக்காதீங்க"ன்னா.

நான் கட்டில்ல படுத்துக்கிட்டே கேக்குறேன், மேடத்துகிட்ட ஃபோன்ல பேசுறா. "பம்பு கோளாறு மேடம். ரெண்டாவது தடவை. என்ன செய்யிறதுன்னு தெரியலை மேடம்." அவங்க என்னமோ கத்துறது இங்க வரைக்கும் கேக்குது. "உண்மைதான் மேடம், நான் பாத்திருக்கணும், தப்பு என்னோடதுதான் மேடம்." அவ மேல என்ன தப்பு? பம்பு செஞ்சவன் தப்புக்கு எம்பிள்ளை திட்டு வாங்குறா. நான் எந்திரிச்சுப் போயி ஃபோனை வாங்கி நாலு வார்த்தை கேக்கலாம்னு பாத்தேன். பாப்பா கையைக் காட்டி, உள்ள போகச் சொல்லிட்டா.

படத்தை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. அந்த வேலையும் அவனுக்கே போச்சு.

அதுக்கப்புறம் வீட்ல சத்தமே இல்லை. அந்தப் பொட்டி ஓடும்போது ஒரு சன்ன இரைச்சல் இருக்கும். அது இல்லாம வீடு எப்படியோ ஆயிருச்சு. பாப்பா அழுது நான் பாக்கலை. பொறுமையாத்தான் இருந்தா. முன்னைய விட அதிகமாவே என்னையக் கவனிச்சா. நான் ஒரு வார்த்தை கேட்டா ரெண்டு வார்த்தை சிரிச்சுப் பேசுனா. ஆனா முன்னால மாதிரி இல்லை. முன்னாலயெல்லாம் என்கிட்டக் கோவப்படுவா தம்பி. "எத்தனை தடவை சொல்றது, இனிப்பைத் தொடாதீங்கன்னு"ன்னு மூக்கு விடைக்கக் கத்துவா. இப்ப நான் லட்டை எடுத்து அவ கண்ணு முன்னாலயே வாயில போட்டாலும் ஒண்ணும் சொல்லலை. ஒரு தடவை வேணும்னே அப்படிச் செஞ்சு பாத்தேன். தட்டை எடுத்து மெதுவா அங்கிட்டு வச்சுட்டு, தண்ணி கொண்டாந்து குடுத்தா. ஒரு அதட்டல் போட்டிருக்கலாம்.

நான்தான் தினமும் அவளுக்குச் சமாதானம் சொன்னேன். "பம்புதான் கோளாறு பாப்பா, நீ என்ன செய்வ"ன்னு. "ஆமாப்பா, பம்புதான் கோளாறு"ம்பா.

ஐதராபாத்துல வேலை கிடைச்சிருச்சு. ஆவணியில போயிட்டா. பக்கத்து வீட்ல சொல்லிச் சோத்துக்கு ஏற்பாடு செஞ்சா. கட்டு மாத்த ஒரு நர்ஸம்மாவை வரச் சொன்னா. பஸ் ஏறும்போது நான் கேட்டேன், "பாப்பா, என் மேல எதுவும் வருத்தமா?"ன்னு. சும்மாதான் கேட்டேன். "உங்க மேல எனக்கு என்னப்பா வருத்தம்"னு சொல்லி, என் சட்டைப் பட்டனைச் சரியாப் போட்டுவிட்டா. தினமும் சாயங்காலம் ஃபோன் பண்ணிருவா. சாப்டீங்களா, கால் எப்படி இருக்குன்னு கேப்பா. வருத்தம் இருந்தா ஃபோன் பண்ணுவாளா? சொல்லுங்க.

ஆனா தீபாவளிக்கு வரலை. பொங்கலுக்கும் வரலை. லீவு இல்லையாம். அம்மா திவசத்துக்காவது வருவான்னு பாத்தேன். அதுக்கும் லீவு இல்லை. காக்காய்க்கு நான் ஒத்தையில சோறு வச்சேன் தம்பி.

அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன். இப்படியே விட்டா ஆகாது. பம்பு கோளாறுன்னு அந்தக் கம்பெனிக்காரன் வாயாலயே ஒத்துக்க வைக்கணும். அதைக் கொண்டுபோயி நளினா மேடத்துகிட்டச் சொன்னா, அவங்களும் மனுசிதானே, இந்தப் பிள்ளை மேல தப்பு இல்லைன்னு தெரிஞ்சா வேலையைத் திருப்பிக் குடுப்பாங்கல்ல? பாப்பா வீட்டுக்கு வந்துரும்ல? அவகிட்டக்கூடச் சொல்லாம நேத்து மெட்ராஸ் வந்தேன். சர்வீஸ் சென்டர் மூணாவது மாடி, லிப்டு வேலை செய்யலை. கைப்பிடியைப் பிடிச்சுப் பிடிச்சு ஏறுனேன்.

உள்ள ஒரு பொண்ணு. பாப்பா வயசுதான் இருக்கும். ஷெரின்னு சட்டையில பேர் குத்தியிருந்துச்சு. பம்பை வாங்கித் திறந்து, ஒரு லைட்டை அடிச்சுப் பாத்துச்சு.

"சார், இதுல சாதாரணத் தண்ணி ஊத்தியிருக்கீங்க. தண்ணியில இருக்கிற உப்பு படிஞ்சு பம்பு இறுகிப் போச்சு. பம்புல கோளாறு இல்லை"ன்னுச்சு.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். "எம்மா, நான் உப்புத்தண்ணி ஊத்தலை. நல்லதண்ணி. முப்பது வருசமா அந்தத் தண்ணியை ஊருக்கே குடுத்தவன் நான்"னேன்.

"நல்லதண்ணியிலயும் கண்ணுக்குத் தெரியாத உப்பு இருக்கும் சார். நமக்கு அது ஒண்ணும் செய்யாது. இதுக்கு ஆகாது. சூட்டுல தண்ணி ஆவியாகும், உப்பு தங்கிரும். நீங்க ஊத்த ஊத்த உப்பு சேந்துக்கிட்டே போகும்."

சத்தம் போட்டேன். அங்க இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. பச்சைப் பிள்ளைக்குக் குடுக்கிற தண்ணி, பம்பு மட்டும் குடிக்காதோ? "இரு, எம்பொண்ணு படிச்சவ, அவளே சொல்லுவா"ன்னு பாப்பாவுக்கு ஃபோனைப் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "பாப்பா, இருக்கியா?"ன்னேன். "இருக்கேம்ப்பா. ஃபோனை அவங்ககிட்டக் குடுங்க"ன்னா.

குடுத்தேன். அந்தப் பொண்ணு காதுல வச்சு "சொல்லுங்க மேடம்"னுச்சு. கேட்டுக்கிட்டே இருந்துச்சு. என்னைய ஒரு தடவை பாத்துச்சு. என் காலைப் பாத்துச்சு. அந்தப் பக்கமாத் திரும்பி நின்னுக்கிட்டு, "சரிங்க மேடம்... புரியுது... இல்லை, சொல்ல மாட்டேன்"னு மெதுவாப் பேசுச்சு. ஃபோனைத் திருப்பிக் குடுக்கும்போது அது முகமே மாறிப்போச்சு. சேரை இழுத்துப் போட்டு என்னைய உக்கார வச்சுச்சு.

"மன்னிச்சுக்கோங்க சார். நான் சரியாப் பாக்கலை. பம்புதான் கோளாறு"ன்னுச்சு.

பாத்தீங்களா தம்பி! எம்பொண்ணு ஒரு வார்த்தை பேசுனா, ஒரே வார்த்தை. ஒத்துக்கிட்டாங்க. டீ வாங்கிக் குடுத்துச்சு. கையைப் பிடிச்சு மூணு மாடியும் இறக்கிவிட்டுச்சு. நல்ல பிள்ளை.

கீழ வந்து நின்னு திரும்பப் பாப்பாவுக்கு அடிச்சேன். "ஒத்துக்கிட்டாங்க பாப்பா! மேடத்துகிட்டப் பேசு. நீ வந்துரு"ன்னேன்.

"அந்த இடத்துக்கு வேற ஆள் வந்து ரொம்ப நாளாச்சுப்பா."

"அது போகட்டும். வேற வேலை கிடைக்காதா? பொட்டி அப்படியே இருக்கு, துணி போட்டு மூடி வச்சிருக்கேன். புதுப் பம்பு வாங்கி மாட்டிக்கலாம். நீ வா பாப்பா. நான் பாத்துக்கிடுறேன். இந்தத் தடவை ஒரு நாள்கூடத் தண்ணி குறைய விடமாட்டேன்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டுச்சு. அப்புறம் அதுவும் கேக்கலை. "சிக்னல் இல்லைப்பா, பிறகு பேசுறேன்"னு வச்சுட்டா. ரோட்டுல அம்புட்டு இரைச்சல். அழுதாளா, இல்லை சிக்னல்தான் போச்சா, எனக்குச் சரியாத் தெரியலை. இன்னும் கூப்பிடலை. ரயில்ல இருக்கிறதால லைன் கிடைக்காது.

பம்பை எதுக்குத் தூக்கிட்டுப் போறேன்னு நீங்க கேக்கலாம். அந்தப் பொண்ணும் கேட்டுச்சு, நாங்களே குப்பையில போட்டுறட்டுமா சார்னு. மனசு வரலை. அவ கையால மாட்டுனது.

என்ன தம்பி, என்னமோ சொல்ல வாயெடுத்தீங்க. அந்த ஷெரின் பொண்ணு ஃபோனைக் காதுல வச்சுக்கிட்டுப் பாத்த மாதிரியே பாக்குறீங்க.

வேண்டாம் தம்பி. சொல்லாதீங்க. எம்பொண்ணு சொல்லிட்டா, கம்பெனிக்காரங்களும் சொல்லிட்டாங்க, பம்புதான் கோளாறுன்னு. எனக்கு அது போதும். அதுக்கு மேல நீங்க ஒண்ணு சொல்லுவீங்க, நானும் யோசிக்க ஆரம்பிப்பேன். அவ அன்னைக்கு என்னைய ஏன் அவ்வளவு நேரம் பாத்தா, ஏன் அதட்டுறதை நிப்பாட்டுனா, ஏன் திவசத்துக்குக்கூட வரலைன்னு ஒவ்வொண்ணா யோசிப்பேன்.

நீங்க சொல்லிட்டுத் திண்டுக்கல்ல இறங்கிப் போயிருவீங்க தம்பி. நான் அந்த வீட்டுக் கதவைத் திறந்து உள்ள போகணும்ல.